ஒருமுறை பூக்கும் கற்றாழை: வேலியோரத்தில் வீணாகும் நார்

வன்னியில் விசுவமடுப் பக்கத்து மேட்டுக்காணிகளின் எல்லையில் ஆனைக்கற்றாழை நின்றால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பசளை போட வேண்டாம். கட்டாக்காலி மாடுகூட வாய் வைக்காது. “கிட்டப் போகாதை, குத்திப்போடும்” என்று பிள்ளைகளை விலக்கிவிடுவதோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். பல ஆண்டுகள் இப்படிப் போனபின் ஒரு நாள் அதன் நடுக்குருத்திலிருந்து தடித்த தண்டு ஒன்று எழும். சில கிழமைகளில் அது கூரையைத் தாண்டிவிடும். அப்போதுதான் ஊர் அண்ணாந்து பார்க்கும், கைப்பேசியில் படம் எடுக்கும். அதன்பின் இலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிச் சரிய, நோய் பிடித்துவிட்டது என்று சொல்லி வெட்டிக் கொளுத்திவிடுவார்கள்.

அது நோயில்லை. அந்தச் செடி இத்தனை காலமும் உயிரோடு இருந்ததே அந்த ஒரு பூப்புக்காகத்தான். அது பூக்கும்வரை கழிந்த ஆண்டுகளில் நாம் எடுத்திருக்கக்கூடிய ஒரு பொருள் அந்த இலைகளுக்குள் இருந்தது. நார். அதை ஒரு பிடிகூட எடுக்காமல் கொளுத்திவிடுகிறோம். பாகல் பந்தலுக்கும் புடோல் பந்தலுக்கும் கடையில் நைலோன் கயிறு வாங்கும் ஊர் இது. எனக்கு இது மனத்தை உறுத்துகிறது, இக்கட்டுரை அதனால்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வீட்டு முற்றத்தில் சட்டியில் வளர்க்கும் சோற்றுக்கற்றாழை வேறு, இது வேறு. சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் அராபியத் தீபகற்பம். அது ஆண்டுதோறும் பூக்கும், பூத்தாலும் சாகாது. அதன் சதை உடம்புக்குக் குளிர்ச்சி. ஆனைக்கற்றாழையின் பூர்வீகம் மெக்சிக்கோவும் அதை ஒட்டிய அமெரிக்க வறள் நிலங்களும். தாவரவியலாளர் அதை அகேவ் என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் சாறு பட்டால் தோல் தடித்துச் சொறியும். பெயர் ஒற்றுமையை நம்பி முகத்தில் பூசிவிடாதீர்கள்.

அகேவிலும் இங்கே நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று அகேவ் அமெரிக்கானா. சாம்பல் பூத்த நீலப்பச்சை இலை, இரு ஓரங்களிலும் கொக்கி கொக்கியாக முள், நுனியில் ஊசி. மற்றது சிசல். அதன் இலை வாள் போல நேராக நிற்கும். ஓரத்தில் முள் பெரும்பாலும் இராது, நுனியில் மட்டும் ஒன்று இருக்கும். இரண்டிலும் நார் உண்டு என்றாலும், நாருக்கென்றே உலகம் பயிரிடுவது சிசலைத்தான். தமிழகத்தில் தண்டவாள ஓரங்களில் வேலியாக நட்டதால் ரயில் கற்றாழை என்றே இந்த இனத்தைச் சொல்வார்கள்.

வன்னியின் கோடையை இந்தச் செடி தாக்குப்பிடிக்கும் விதம் விந்தையானது. மரஞ்செடிகள் பெரும்பாலும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உள்ளே எடுக்கின்றன. துளை திறந்தால் உள்ளிருக்கும் ஈரமும் வெளியே போகும். ஆனைக்கற்றாழை பகல் முழுவதும் துளைகளை மூடியே வைத்திருக்கிறது. வெயில் தாழ்ந்து காற்றுக் குளிர்ந்தபின்தான் திறக்கும். இரவில் உள்ளே எடுத்த வாயுவை ஓர் அமிலமாக்கிச் சேர்த்து வைத்து, மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டே வெயிலில் அதைச் சீனியாக்கும். இலையின் மேல் படிந்த மெழுகும் தடித்த சதையும் எஞ்சிய ஈரத்தைக் காக்கின்றன. வாடைக்காற்றோடு வரும் மாரியில் குடித்ததை வைத்துக்கொண்டு அடுத்த மாரிவரை தள்ளுவது இப்படித்தான். ஒன்றை மட்டும் அது பொறுக்காது, வேரில் தேங்கும் நீர். அதனால் இது வயலுக்குரிய செடியில்லை; நீர் வடியும் மேட்டுக்காணிக்கே உரியது.

சேர்த்த சீனியெல்லாம் அடித்தண்டில் மாச்சத்துப் போன்ற ஒரு பொருளாகக் குவிகிறது. அமெரிக்கானா பூக்க 10 முதல் 30 ஆண்டுகள் எடுக்கும். நூறாண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்று ஐரோப்பியர் சொன்னது வெறும் கதை. தோட்டத்துச் சிசல் அதற்கும் முந்திவிடும். 7 முதல் 12 ஆண்டுகளில் அதன் காலம் நிறையும். அதற்குள் 200 முதல் 250 இலைகள் விட்டிருக்கும். தண்டு கிளம்பியபின் புதிய இலை வராது. அமெரிக்கானாவின் தண்டு நாளொன்றுக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். 8 மீற்றர் உயரத்தையும் எட்டும். அத்தனைக்கும் வேண்டிய நீரும் சீனியும் இலைகளிலிருந்தும் அடித்தண்டிலிருந்தும்தான் போகின்றன. மண்ணிலிருந்து எடுத்துக்கொடுக்க அதற்கு அவகாசமில்லை. நேற்றுவரை விறைத்து நின்ற இலை தோல் சுருங்கி, மடிந்து, நிலத்தில் சாய்வது அதனால்தான். பூக்கள் கீழ்க்கிளையில் தொடங்கி மேலே மேலே மலர்ந்துகொண்டு போகும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பை முதலில் முற்றி, தூள் கொட்டித் தீர்ந்தபின்தான் சூல்முடி பக்குவமாகும். தன் தூள் தன் மேலேயே விழுவதைத் தவிர்க்க அது கண்ட வழி.

வாழையும் ஒருமுறை குலை தள்ளிச் சாய்வதுதான். பக்கக் கன்று அடுத்த தலைமுறையாகிறது. ஆனைக்கற்றாழையும் அப்படிப் பக்கக்கன்று விடும். சிசலோ அத்தோடு நிற்பதில்லை. கலப்பினம் என்பதால் அதற்கு விதை பிடிப்பது மிக அரிது. பூ உதிர்ந்த இடத்திலேயே, தண்டின் கிளைகளில், குட்டிச் செடிகள் முளைக்கின்றன. ஒன்றைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். விரல் நீளம்தான் இருக்கும். அதற்குள் நாலைந்து இலை, நுனியில் முள்ளின் அடையாளம், அடியில் வேர் வரப்போகும் புடைப்புகள் எல்லாம் இருக்கும். ஒரு தண்டில் ஆயிரத்துக்கு மேலும், சில வேளை இரண்டாயிரம் வரையும் வரும். காற்றடித்தால் பொலபொலவென்று கொட்டும். ஈரம் கிடைத்த இடத்தில் வேர்விடும். தாய் பட்டுப்போன காணியில் நாற்றுமேடை தானாகவே அமைந்துவிடுகிறது. நம்மவர்கள் அதையும் கூட்டி அள்ளிக் குப்பையோடு எரிக்கிறார்கள்.

மெக்சிக்கோவில் இந்தப் பூவைத் தேடி இரவில் வருவது வௌவால். நீண்ட மூக்கும் நீண்ட நாக்கும் கொண்ட ஒரு சிறு வௌவால் இனம், அகேவ் பூக்கும் வழியைப் பின்பற்றியே நெடுந்தூரம் இடம்பெயர்கிறது. இரவில் தேன் சுரப்பதும் வெளிறிய மஞ்சள் நிறமும் அந்த விருந்தாளிக்காகத்தான். ஆனால் டெக்கீலா என்ற மதுவுக்காக நீல அகேவைப் பயிரிடுபவர்கள், சீனி தண்டுக்குப் போய்விடக் கூடாது என்று பூக்கும் முன்பே குருத்தை வெட்டிவிடுகிறார்கள். பூ இல்லாவிட்டால் வௌவாலுக்கு உணவில்லை. இந்தச் சிக்கலைக் கண்டு, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பங்கைப் பூக்க விடுங்கள் என்று மெக்சிக்கோவின் வௌவால் ஆய்வாளர் ரொட்ரிகோ மெடலின் விவசாயிகளைக் கேட்டு, ஓர் இயக்கமாகவே நடத்தி வருகிறார். அந்த வௌவால் இனம் 2018இல் அமெரிக்காவின் அழிவுறும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பாதுகாப்பு பயன் தந்தது என்பதற்கு அது சாட்சி.

அந்த மண்ணின் பழங்குடிகளுக்கு இந்தச் செடி ஒரு வீட்டின் முக்கால்வாசித் தேவையைத் தீர்த்தது. இலை கூரைக்கு. நார் உடைக்கும் கயிற்றுக்கும் செருப்புக்கும். வேரும் சாறும் துணி வெளுக்க. நுனி முள்ளை உடைத்து நாரோடு சேர்த்து உரித்தால் ஊசியும் நூலும் ஒன்றாகவே கையில் வந்துவிடும். தனியாகக் கோக்க வேண்டியதில்லை. தண்டு எழுவதற்குச் சற்று முன் நடுக்குருத்தைக் குடைந்தெடுத்தால் அந்தக் குழியில் இனிப்பு நீர் ஊறும். பாளை சீவத் தெரிந்தவருக்கு அந்த வேலையின் நுட்பம் புரியும். பருவம் தவறினால் ஒன்றும் கிடைக்காது. சரியாக வெட்டினால் மாதக்கணக்கில், நாளுக்கு இருமுறை எடுக்கலாம். அது புளித்தால் புல்கே என்ற கள். அஸ்டெக் மக்கள் இந்தச் செடிக்கு மாயாவெல் என்று ஒரு பெண் தெய்வத்தையே வைத்திருந்தார்கள்.

வீட்டுத்தேவைக்கான செடி பணப்பயிரானபோது கதை மாறியது. மெக்சிக்கோவின் யுகட்டான் பகுதியில் சிசலின் உறவான எனிகென் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘பச்சைப் பொன்’ என்று பெயர் எடுத்தது. அமெரிக்காவின் கோதுமை வயல்களில் கதிர் அறுத்துக் கட்டும் இயந்திரங்களுக்குக் கட்டுக்கயிறு வேண்டியிருந்தது. நிலச்சுவான்தார்கள் மாளிகை கட்டினார்கள். மாயா மக்கள் தீராக் கடனில் கட்டுண்டு அந்தத் தோட்டங்களில் உழைத்தார்கள். 1893இல் ரிச்சார்ட் ஹின்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் புளோரிடாவிலிருந்து ஆயிரம் குட்டிச் செடிகளைக் கிழக்காபிரிக்காவுக்கு வரவழைத்தார். உயிரோடு சேர்ந்தவை 62. இன்றைய தன்சானியாவின் சிசல் தோட்டங்களுக்கு அந்த 62தான் மூலம். 1964இல் அந்த நாடு 230,000 தொன் வரை உற்பத்தி செய்தது. பிறகு பிளாஸ்டிக் கயிறு வந்தது. விலை சரிந்தது, தோட்டங்கள் காடாயின. அந்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாத காலமும் வந்தது.

இதை விசுவமடுக்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 1960களில் படித்த வாலிபர் திட்டத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் ஊர் இது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது செத்தல் மிளகாய் இந்த மண்ணுக்குச் செல்வம் கொண்டுவந்தது. 1977க்குப் பின் சந்தை திறந்தது. அந்த விலை ஓடிப்போனது. கொழும்பில் எடுத்த ஒரு முடிவு விசுவமடுத் தோட்டக்காரரின் கிணற்றடிவரை வந்து இறைப்பை நிறுத்தியது. ஒற்றைப் பயிரை நம்பியவரின் கதி யுகட்டானிலும் தன்சானியாவிலும் இங்கேயும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஆகவே ஏக்கர் கணக்கில் ஆனைக்கற்றாழை நடுங்கள், கோடீஸ்வரர் ஆகலாம் என்று யாராவது முதலீட்டுத் திட்டத்தோடு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நான் சொல்வது வேலியைப் பற்றி மட்டும்தான்.

இலங்கையில் இந்த நாருக்கு ஒரு மரபு இருக்கிறது, வடக்கில் நாம் அதை அவ்வளவாக அறியவில்லை. கண்டிக்கு அருகே தும்பறைப் பள்ளத்தாக்கில் எனவல என்ற கிராமம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கின்னர சமூகத்தவர்கள், சிங்களத்தில் ‘ஹண’ எனப்படும் நார்ச்செடியின் இலையிலிருந்து நாரெடுத்து, சாயமூட்டி, நிலத்தறியில் பாய் நெய்கிறார்கள். பதங்கக் கட்டையிலிருந்து சிவப்பு, மஞ்சளிலிருந்து மஞ்சள். யானை, மான், பறவை, பாம்பு எல்லாம் கோட்டுருவங்களாக அந்தப் பாயில் வரும். 2021இல் யுனெஸ்கோ இந்தத் தும்பறை நெசவைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1908இல், நம் ஆனந்த குமாரசுவாமி மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரும் நூலில் இந்தப் பாய் நெசவாளரைப் பதிவு செய்திருக்கிறார்.

அவர் எழுதிய காலத்தில் அந்தப் பாய்க்கு நார் கொடுத்த செடி மரல். தாவரவியலில் சன்செவியேரியா சைலானிக்கா. இலங்கையின் பெயரையே தாங்கிய இது நம் காடுகளின் சொந்தச் செடி, ஆனைக்கற்றாழைக்குக் குடும்பவழி உறவும்கூட. நிழலில், பற்றைகளுக்கு நடுவே, வரிவரியான வாளிலைகளோடு நிற்கும். வில்லுக்கு நாண் திரித்த நார் இதுதான். அமெரிக்க உறவு கப்பலேறி வந்தபின் பெரிய இலையும் எளிதான அறுவடையும் காரணமாக மரல் பின்னுக்குப் போய்விட்டது. வன்னிக் காட்டோரம் மரலைக் கண்டால் பிடுங்கி எறியாதீர்கள்.

இனி நாரெடுக்கும் கதைக்கு வருவோம். நட்டு மூன்றாம் ஆண்டளவில் அடியிலைகள் நிலத்துக்குச் சமாந்தரமாகச் சாயும். அவைதான் முற்றியவை. அவற்றை மட்டும் அடியோடு அறுக்க வேண்டும்; மேலே குறைந்தது இருபது இலையாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செடி மெலிந்துவிடும். முதல் வேலையாக நுனி முள்ளை வெட்டி எறியுங்கள், அமெரிக்கானாவானால் ஓர முள்ளையும் சீவிவிடுங்கள். இலையை நீளவாக்கில் இரண்டு மூன்றாகக் கிழித்து, மரக்கட்டையால் தட்டி நசிக்க வேண்டும். பிறகு சாய்த்து வைத்த பலகையில் போட்டு, ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, மழுங்கிய தகட்டால் இழுத்து வழித்தால் பச்சைக் கூழ் நுரையோடு வழிந்து போகும். நாலைந்து இழுப்பில் உள்ளேயிருந்து வெள்ளை இழைகள் தெரியத் தொடங்கும். கூர்மையான கத்தி கூடாது, இழை அறுந்துவிடும். முனை மாற்றிப் பிடித்து மற்றப் பாதியையும் வழித்து, உடனே நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் போட்டால் அன்றைய வெயிலிலேயே காய்ந்துவிடும். தாமதித்து அலசினால் நார் மஞ்சள் பாரிக்கும். ஒரு இலையில் ஏறக்குறைய ஆயிரம் இழைகள். காய்ந்தபின் கையில் எடுத்தால் மீற்றர் நீளத்தில் பளபளக்கும். தொடையில் வைத்து உருட்டினால் முறுக்கேறிக் கயிறாகும்.

இரண்டு எச்சரிக்கை. கையுறையும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் எரிந்து தடிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. மற்றது, இலையை ஊறப்போட்டு அழுகவைத்தும் நாரெடுக்கலாம் என்பார்கள். குளத்திலோ வாய்க்காலிலோ அதைச் செய்யவே கூடாது. சாற்றிலுள்ள சபோனின் மீனைக் கொல்லும், நாற்றம் ஊரையே விரட்டும். விசுவமடுக் குளத்து மீனை நம்பி எத்தனையோ அடுப்பு எரிகிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பச்சை இலையின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்குதான் காய்ந்த நார். நல்ல இலை ஒன்று அரைக் கிலோ என்று வைத்தால் 20 கிராம் வரை நார். 200 இலை விடும் செடி தன் ஆயுளில் 4 கிலோ தரும். ஒரு ஏக்கர்ச் சதுரக் காணியின் சுற்றெல்லை ஏறக்குறைய 250 மீற்றர். மீற்றருக்கு ஒன்றாக நட்டால் 250 செடி. பராமரிப்புக் குறைந்த வேலி என்பதால் பாதிதான் கிடைக்கும் என்று எடுத்தாலும் பத்தாண்டில் 500 கிலோ, ஆண்டுக்கு 50 கிலோ. இதை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. ஆனால் ஒரு தோட்டக்காரரின் பந்தல் கயிற்றுக்கு இது தாராளம். மிச்சமாகும் 96 பங்கும் வீணில்லை, கூட்டெருவாக மக்கவைக்கலாம். தன்சானியாவின் ஹாலே தோட்டத்தில் அந்தக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரமே செய்திருக்கிறார்கள்.

பந்தல் கயிற்றை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அறுவடை முடிந்ததும் பாகல் கொடியோடு சேர்த்து அறுத்துப்போடும் நைலோன் துண்டுகள் மண்ணிலேயே கிடக்கின்றன. உழவு இயந்திரத்தின் கலப்பையில் சுற்றுகின்றன. கொளுத்தினால் கரும்புகை. மாடு தின்றால் வயிற்றில் அடைக்கும். சிசல் கயிறு ஒரு போகம் முழுக்கத் தாங்கும். பிறகு கொடியோடு சேர்ந்து மண்ணில் மக்கிவிடும். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருளெல்லாம் எட்டாத விலைக்கு ஏறியதை நாம் மறந்திருக்க முடியாது. காணி எல்லையிலேயே கயிறு நின்றால் அந்தக் கவலையில் ஒன்று குறையும்.

யானையைப் பற்றியும் கேட்பீர்கள். வன்னியில் இரவு முழுக்க வெடி கொளுத்திக் காவல் இருப்பவர்களுக்கு அது வாழ்வுப் பிரச்சினை. ஆனைக்கற்றாழையை நெருக்கி நட்டால் யானை வராது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை நான் கொடுக்க மாட்டேன். கென்யாவில் சாவோ காட்டை ஒட்டிய சிசல் தோட்டங்களுக்குள் யானைகள் புகுந்து செடியைக் கிழித்து மென்றிருக்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் இது நல்ல தடை. யானைக்கு மின்வேலியும் காவலும்தான். பொய் நம்பிக்கையில் ஒருவர் காவலைத் தளர்த்தினால் போவது உயிர்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். இது வெளிநாட்டிலிருந்து வந்த செடி. அதன் உறவான ஃபர்க்ரேயா, மொரிசியஸ் நார்ச்செடி என்று அழைக்கப்படுவது, பல தீவுகளில் கட்டுமீறிப் பரவிச் சுதேசச் செடிகளை அமுக்கியிருக்கிறது. குட்டிச் செடிகள் காட்டுக்குள் கொட்டுப்படாமல், வேலிக் கோட்டுக்குள்ளேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வது நடுபவரின் கடமை. காட்டோரக் காணிக்காரர் தண்டு பூத்து முடிந்ததும் அதைச் சரித்து, குட்டிகளைச் சேர்த்து எடுத்துவிடுவது நல்லது. தேனீக்காகவும் தேன்சிட்டுக்காகவும் பூக்க விடுங்கள், குட்டி உதிரும்வரை விடாதீர்கள்.

2009இன் தொடக்கத்தில் போரால் இந்த ஊர் வெறுமையானது. திரும்பி வந்தவர்கள் வேலியடைத்து வளவை மீட்டதிலிருந்தே எல்லாவற்றையும் தொடங்கினார்கள். அந்த வேலிகளில் கம்பியும் கிளுவையும் நிற்கின்றன. ஒரு பக்கத்திலாவது சிசலை நடலாம். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பனந்தும்பில் கைதேர்ந்த பெண்கள் வடக்கில் இருக்கிறார்கள். நார் சீவவும் திரிக்கவும் அவர்களுக்குச் சில நாள் பயிற்சி போதும். வடமாகாண விவசாயத் திணைக்களம் நல்ல சிசல் நாற்றுகளைப் பெற்று ஒரு நாற்றுமேடை போட வேண்டும். இந்தியாவில் ஒடிசா மாநிலம் சம்பல்பூர் மாவட்டத்துப் பாம்ராவில் சிசலுக்கென்றே அரசு ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. கேட்டுப் பெறுவதற்கு ஆளும் அறிவும் பக்கத்திலேயே உண்டு. பனை அபிவிருத்திச் சபை நார் சீவும் சிறு இயந்திரம் ஒன்றை விசுவமடுவில் ஒரு மாதர் சங்கத்திடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எனவல நெசவாளர் இருவரை அழைத்துவந்து இங்குள்ள பெண்களோடு ஒரு கிழமை உட்காரவைத்தால் கயிற்றோடு பாயும் பையும் வரும். அந்த நெசவாளருக்குரிய கூலியும் மரியாதையும் முறையாகக் கொடுக்கப்பட வேண்டும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வேளையில் எங்காவது ஒரு வேலியில் தண்டு எழுந்து நிற்குமானால், அந்தச் செடியை வெட்டிக் கொளுத்த வேண்டாம். பூத்து முடியட்டும். குட்டிகளைப் பொறுக்கி, ஒரு சாண் இடைவெளியில் நாற்றுமேடை போட்டு, மாரி தொடங்கும்போது எல்லையில் நடுங்கள். தேவைக்கு மிஞ்சியதைப் பக்கத்துக் காணிக்காரருக்குக் கொடுங்கள்.